‘உயிர் தப்பினர்’ என்ற செய்திக்குப் பிறகு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விபத்துச் செய்திகளின் இறுதியில் நாளிதழ்கள் வழக்கமாக அச்சிடும் ‘காயங்களுடன் உயிர் தப்பினர்’ என்னும் வரியைப் பற்றி, ஒரு வாசகியாக மட்டுமன்றி அந்த வரிக்குள் ஒருமுறை இடம்பெற்றவளாகவும் சிலவற்றைத் தங்கள் பார்வைக்குக் கொண்டுவர விரும்புகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன், காரைக்குடியில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டுப் பள்ளத்தூருக்கு ஷேர் ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தபோது, கோட்டையூரைத் தாண்டியதும் பின்னால் வந்த டிப்பர் லாரி இடித்து ஆட்டோ கவிழ்ந்தது. என் வலது தொடை எலும்பு முறிந்தது. கம்பி வைத்துச் சேர்த்தார்கள். மறுநாள் செய்தியில் ஐந்து பேர் காயங்களுடன் உயிர் தப்பியதாக வந்திருந்தது. அந்த ஐவரில் ஒருத்தி நான். செய்தியில் பிழை ஏதுமில்லை. எனினும், தப்பிய அந்த உயிருக்கு என் உடம்புக்குள் நிம்மதியாக இருக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பிடித்தன என்பதையும், அந்த இரண்டு ஆண்டுகளில் ஒருவருக்கு என்ன நேர்கிறது என்று நம் மருத்துவமனைகளோ குடும்பங்களோ கேட்பதே இல்லை என்பதையும் சொல்லத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

எலும்பு ஐந்து மாதத்தில் கூடிவிட்டது. எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த மருத்துவர், ‘நல்லாக் கூடியிருச்சும்மா, இனிமே தைரியமா நடங்க’ என்றார். எலும்பைப் பொறுத்தவரை அவர் சொன்னது முற்றிலும் உண்மை. ஆனால், தெருமுனையில் லாரியின் ஏர் பிரேக் சத்தம் கேட்டால், அடுப்படியில் நின்றுகொண்டிருக்கும் எனக்கு மூச்சு தொண்டைக்குழியிலேயே நின்றுபோகும். உள்ளங்கைகள் சில்லிட்டு வேர்க்கும். இரண்டு முழங்கால்களும் பூட்டிக்கொண்டது போல இறுகும். இரவில் மல்லாந்து படுத்தால் கட்டில் வலப்புறமாகக் கவிழ்வது போலத் தோன்ற, சட்டத்தைப் பற்றிக்கொண்டு எழுந்து உட்காருவேன். முப்பத்து மூன்று ஆண்டுகள் வகுப்பறையில் நின்றபடியே பாடம் நடத்திய நான், என் வீட்டு நிலைப்படியைத் தாண்டித் திண்ணைக்கு வருவதற்குக் கதவைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றிருக்கிறேன். விபத்து முடிந்துவிட்டது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். என் உடம்புக்குத்தான் அது தெரியவில்லை.

நலம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் ஏறத்தாழ ஒன்றையே சொன்னார்கள். ‘அதான் பொழச்சு வந்துட்டீங்களே டீச்சர், இன்னும் என்ன பயம்? மனசைத் திடமா வச்சுக்கங்க.’ பக்கத்துத் தெரு ஆச்சி ஒருவர் மட்டும், என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘இது பயந்த கோளாறு’ என்று சொல்லி, மறுநாள் காலையில் திருநீறு மந்திரித்து வாங்கி வந்து நெற்றியில் பூசிவிட்டார். திருநீற்றால் என் நடுக்கம் தீர்ந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும், தைரியமாக இரு என்று அதட்டாமல், பயம் உடம்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அதை இறக்க வேண்டும் என்று கண்டுகொண்ட ஒரே ஆள் அவர்தான். நம் பேச்சிலும் அந்த அறிவு இருக்கத்தான் செய்கிறது. குலை நடுங்கியது, அடிவயிறு கலங்கியது, கைகால் ஓடவில்லை, உடம்பு வெலவெலத்துப் போயிற்று என்றெல்லாம் அச்சத்தைச் சொல்லும்போது மனம் என்ற சொல் ஓரிடத்திலும் வருவதில்லை. அச்சத்தை எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக, அதாவது மெய்யில் தோன்றுவதாக, எத்தனையோ வகுப்புகளுக்கு விளக்கியிருக்கிறேன். அந்தச் சொல்லின் பொருள் முழுவதும் எனக்கு விளங்கியது அந்த மாதங்களில்தான்.

அப்போது என் தந்தையாரின் நினைவு அடிக்கடி வந்தது. பதின்மூன்று வயதில் கப்பலேறிப் போய்ப் பர்மாவில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக இருந்தவர். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியபோது அவர் அந்த நகரில் இருந்தார். அடுத்த ஆண்டு, மலைகளையும் காடுகளையும் நடந்தே கடந்து மணிப்பூர் வழியாக ஊர் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர். வழியில் செத்து விழுந்தவர்கள் பல்லாயிரம் பேர். அந்த நடையைப் பற்றி எங்களிடம் அவர் பத்து வாக்கியம்கூடப் பேசியதில்லை; பேசாததை அவர் படுக்கையிலும் சாப்பாட்டிலும் பார்த்தோம். வாழ்நாள் முழுதும் சுவரில் முதுகு படும்படியாகத்தான் படுப்பார். செருப்பைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்வார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வானத்தில் விமானச் சத்தம் கேட்டால், சோற்றில் வைத்த கை அப்படியே நின்று, சத்தம் தேய்ந்து மறைந்த பிறகே மறுபடி அசையும். ‘அப்பாவுக்கு அது பழக்கம்’ என்று விட்டுவிட்டோம். எண்பத்தோராம் வயதில் அவர் கண்மூடும்வரை அந்தப் பழக்கம் போகவில்லை. பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் இருந்த வீடுகள் செட்டிநாட்டு ஊர்களில் ஒன்றிரண்டல்ல. அந்த வீடுகளில் இப்படி எத்தனை கைகள் சோற்றில் நின்றிருக்கும் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து, ‘அப்பா, சத்தம் போயிருச்சு’ என்று சொல்ல எங்களில் ஒருவருக்கும் அன்று தோன்றவில்லை.

உடம்பு இவ்வாறு நடந்துகொள்வதில் மாயம் எதுவுமில்லை. உயிருக்கு ஆபத்து என்று மூளை கண்டவுடன், நாம் யோசிப்பதற்கு முன்பாகவே தன்னியக்க நரம்பு மண்டலம் அட்ரீனலினைச் சுரக்கச் செய்து, இதயத்தை விரைவுபடுத்தி, குடலுக்குப் போகும் இரத்தத்தைக் கைகால் தசைகளுக்குத் திருப்பிவிடுகிறது. எதிர்ப்பதற்கோ ஓடுவதற்கோ உடம்பு இப்படி ஆயத்தமாவதை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உடலியங்கியலாளர் வால்டர் கேனன் 1915ஆம் ஆண்டிலேயே விளக்கினார். எதிர்க்கவும் முடியாமல் ஓடவும் வழியில்லாமல் கவிழ்ந்த வண்டிக்கு அடியில் கிடக்கும்போது உடம்பு உறைந்துவிடுவதும் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு இந்தப் பதற்றம் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். சிலருக்குத் தணிவதில்லை. கெட்ட கனவும், சிறு ஓசைக்கும் திடுக்கிடுவதும், நடந்ததை நினைவூட்டும் இடங்களையும் பொருள்களையும் தவிர்ப்பதும் ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால், அதைப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் இதற்கு இடம் தந்ததே 1980ஆம் ஆண்டில்தான். என் தந்தையார் நடந்து வந்து அப்போது முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இத்தகைய அச்சத்தில் முதலில் பறிபோவது, என் உடம்பின்மேல் எனக்கு உரிமை உண்டு என்ற உணர்வு. அதை மருத்துவமனை திருப்பித் தரவில்லை. எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. நான் கேட்டறிந்தவரை பல இடங்களில் இதுவே நடைமுறை. நான் இருந்த பதினெட்டு நாட்களும், வார்டின் கதவு திறந்தே கிடக்க, ஒரு சொல்லும் சொல்லாமல் போர்வையை விலக்கினார்கள், புரட்டினார்கள், துடைத்தார்கள். பிறகு பயிற்சிக்காகப் போன இடத்தில், ‘கத்தாதீங்க, மத்தவங்க பயந்துக்குவாங்க’ என்று சொல்லிக்கொண்டே ஒருவர் என் முழங்காலை மடக்கினார். அவர்கள் யாரும் கல்நெஞ்சர்கள் அல்லர். நாற்பது நோயாளிகளை இரண்டு பேர் பார்க்க வேண்டிய இடத்தில் கேட்டுக் கேட்டுத் தொட நேரம் ஏது என்று அவர்கள் எண்ணுவது எனக்குப் புரிகிறது. ஆனால், கேட்காமல் வந்து மோதிய லாரியால் பதறிக் கிடக்கும் உடம்பு, கேட்காமல் வந்து படும் ஒவ்வொரு கையையும் இன்னொரு மோதலாகவே கணக்கு வைத்துக்கொள்கிறது. அந்த வார்டை விட்டு நான் வெளியே வந்தபோது எனக்கு லாரியைக் கண்டு இருந்த பயத்துக்குச் சற்றும் குறையாத பயம், என்னை நோக்கி நீளும் கைகளைக் கண்டும் இருந்தது.

விபத்து நடந்து எட்டு மாதம் கழித்து, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் இயன்முறை மருத்துவர் ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். (எங்கள் ஊரில் ‘பிசியோ’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.) முப்பது வயதுகூட நிரம்பாத பெண். முகப்பில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கு எதிரே, கை எட்டாத தூரத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, என் மருத்துவச் சீட்டுகளையெல்லாம் படித்து முடித்துவிட்டு, முதலில் அவர் கேட்டது இதுதான்: ‘டீச்சர், இன்னைக்கு உங்க காலைத் தொட்டுப் பாக்கலாமா? வேணாம்னா வேணாம், அவசரம் ஒண்ணுமில்லை.’ அந்த எட்டு மாதத்தில் இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. ‘வேண்டாம்மா’ என்றேன். சொல்லிவிட்டு, அவர் முகம் சுளிக்கிறாரா என்று பார்த்தேன். ‘சரி டீச்சர்’ என்று கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டார். அப்போது என் தோள்கள் இரண்டும் மெல்லக் கீழே இறங்கின. அத்தனை மாதமாக அவற்றைத் தூக்கியே வைத்திருந்தேன் என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வீடு பெரிய வீடு அன்று. ஒரு முகப்பும் ஒரு வளவும் உள்ள சிறிய வீடு. ஆனால் முகப்பில் என் தந்தையார் பதித்த ஆத்தங்குடிக் கல் இன்னும் இருக்கிறது. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் சேர்த்துக் கையாலேயே வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துப் பக்குவப்படுத்தும் கல் அது. நடக்க நடக்கத்தான் மெருகேறும், சித்திரை வெயிலிலும் காலுக்குக் குளிர்ந்தே இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதங்களையும் அந்தத் தரையில் வைக்கச் சொன்னார் அந்தப் பெண். ‘எந்தக் காலுக்கு முதல்ல குளிர்ச்சி தெரியுது டீச்சர்?’ இடது காலுக்கு உடனே தெரிந்தது. வலது காலுக்கு ஒன்றுமே தெரியவில்லை; பாதம் தரையில்தான் இருக்கிறது என்பதைக் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டேன். நரம்பில் பழுதில்லை என்று முன்பே பரிசோதித்து எழுதியிருந்தார்கள். அந்தக் காலை நினைப்பதையே நான் நிறுத்தியிருந்தேன் என்பதுதான் உண்மை. ‘தெரியலைன்னா பரவாயில்லை, இருக்கட்டும்’ என்று சொல்லி அவரும் சும்மா இருந்தார். தெருவில் கோலமாவு விற்பவர் கூவிக்கொண்டே போனார், திரும்பியும் வந்தார். அதற்குப் பிறகு எப்போதோ, வலது குதிகாலின் ஓரத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் குளிர்ச்சி தெரிந்தது. பிறகு பாதத்தின் வெளி விளிம்பில். பிறகு சுண்டுவிரலில். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதற்கும் ஒன்றும் சொல்லாமல், தண்ணீர்ச் செம்பை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அன்றும் அடுத்தடுத்த வருகைகளிலும் அவர் சொல்லித் தந்தவை மிகச் சிறியவை. கண்ணை மூடச் சொல்லவில்லை. மூடினால் எனக்கு ஆட்டோ கவிழ்வது தெரியும் என்று சொல்லியிருந்தேன். கண்ணைத் திறந்தபடியே, கழுத்தை மெதுவாகத் திருப்பி, வளவுத் தூண்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, வாசல் எங்கே, கொல்லைக் கதவு எங்கே, இப்போது இந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்கே சொல்லிக்கொள்ளச் சொன்னார். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கச் சொன்னார், எரியும் அகலின் சுடரை அணைக்காமல் அசைக்க மட்டும் ஊதுகிற அளவுக்கு மெதுவாக. மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்றுக் கூடும், வெளியே விடும்போது சற்றுக் குறையும். தலையிலிருந்து இறங்கி இதயத்துக்கும் வயிற்றுக்கும் கிளை பிரியும் வேகஸ் நரம்பின் வேலை அது. ஆகவே விடும் மூச்சை நீட்டுவது, இதயத்தின் வேகத்தைக் குறைக்க நம் கைவசம் இருக்கும் ஒரு வழி என்று விளக்கினார். பிறகு ஒருநாள், ‘முழங்காலுக்குக் கீழே கை வைக்கப் போறேன், போதும்னு தோணுனா போதும்னு சொல்லுங்க’ என்றார். முதல் இரண்டு முறையும் ‘போதும்’ என்றேன்; சொல்லி முடிப்பதற்குள் கையை எடுத்துவிட்டார். மூன்றாம் முறை சொல்லத் தேவைப்படவில்லை.

சாலைக்குத் திரும்பியதும் அப்படித்தான், படிப்படியாக. ஒரு வாரம் திண்ணைவரை, பின்பு முச்சந்திவரை, பின்பு பேருந்து நிறுத்தம்வரை. பயம் சற்றே தலைதூக்கும் இடம்வரை போவது, அங்கே நின்று பாதத்தையும் மூச்சையும் கவனிப்பது, பதற்றம் தணிந்த பிறகு வீட்டுக்குத் திரும்புவது. தணிவதற்கு முன்னே ஓடிவந்துவிட்டால் பயம் கூடும், தாங்க முடியாத தூரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாலும் கூடும் என்பதை என் உடம்பிலேயே கண்டுகொண்டேன். காரைக்குடி பேருந்து நிலையத்தில் புறப்படாமல் நின்றிருந்த பேருந்தில் ஏறிச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு இறங்க வேண்டும் என்று நடத்துநரிடம் விவரம் சொன்னபோது, அவர், ‘உக்காருங்கம்மா, எடுக்குறதுக்கு முந்திச் சொல்றேன்’ என்றார். அவ்வாறே சொன்னார். அந்த நல்ல மனிதருக்கு இந்தக் கடிதத்தின் வழியாக நன்றி சொல்லிக்கொள்கிறேன். மாலை நேரங்களில், சிறு வயதில் கற்று மறந்திருந்த பனையோலைக் கொட்டான் முடைவதை மறுபடி தொடங்கினேன். நனைந்த ஓலையின் விளிம்பை விரல் தேடிப் பிடித்து மடக்கும்போது மனம் வேறெங்கும் போவதில்லை. இது என் அனுபவம் மட்டுமே, வைத்தியமாகச் சொல்லவில்லை.

நான் பட்டது விபத்து. அதைப் பற்றி ஊர் முழுதும் தெரியும், எல்லோரும் வந்து விசாரித்தார்கள். வீட்டுக்குள்ளேயே அடிபட்ட பெண்களுக்கு அந்த விசாரிப்பும் இல்லை. என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, கணவன் வீட்டிலிருந்து மீண்டு தாய்வீட்டுக்கு வந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும், இரவில் கதவின் சங்கிலி அசையும் ஓசைக்கு எழுந்து சுவரோரம் ஒடுங்கி உட்கார்ந்துகொள்கிறாள்; பின்னாலிருந்து குழந்தை வந்து கட்டிக்கொண்டால் திமிறி உதறிவிட்டு, பிறகு அதற்காக அழுகிறாள். (அவளுடைய இசைவுடன், அடையாளங்களை மாற்றியே எழுதுகிறேன்.) அவளிடமும் ஊர், ‘அதான் வெளியே வந்துட்டியே, இன்னும் என்ன?’ என்றுதான் கேட்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. 181 என்ற உதவி எண் இருக்கிறது. இவை அவளை அந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டுவர உதவின. அந்த வீட்டை அவள் உடம்பிலிருந்து வெளியே கொண்டுவர இன்னொரு வகை உதவி வேண்டியிருக்கிறது. குழந்தையிடம், ‘அம்மா முன்னாடி வந்து கூப்பிட்டுட்டுக் கட்டிக்கோ’ என்று சொல்லிக்கொடுத்ததிலிருந்து உதறுவது பெரிதும் குறைந்திருக்கிறது என்கிறாள். அதைச் சொல்லித் தந்தவர் ஒரு மனநல ஆலோசகர். அவரை அவள் சந்தித்ததே தற்செயல்.

உடம்பின் வழியாக அச்சத்தைத் தணிக்கும் முறைகளுக்கு இன்று பல பெயர்கள் இருக்கின்றன. அமெரிக்காவைச் சேர்ந்த பீட்டர் லெவின் உருவாக்கிய ‘சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்’ அவற்றில் ஒன்று. அதற்கான ஆய்வுச் சான்றுகள் இன்னும் குறைவாகவே உள்ளன. யோகாவுக்குச் சற்று உறுதியான சான்று கிடைத்திருக்கிறது. பாஸ்டனில் பெசல் வான் டெர் கோல்க் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு இருந்து, வேறு சிகிச்சைகளால் போதிய பலன் காணாத 64 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பத்து வாரம், வாரம் ஒரு மணி நேரம் யோகாவும், மற்றப் பிரிவினருக்கு அதே அளவு நலக்கல்வி வகுப்பும் அளித்தார்கள். முடிவில் மதிப்பிடப்பட்டவர்களில், யோகாப் பிரிவில் 31 பேரில் 16 பேரும், மற்றதில் 29 பேரில் 6 பேரும் அந்நோயின் வரையறையிலிருந்து வெளிவந்திருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆயினும், பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்கென வகுக்கப்பட்ட அந்த யோகா முறையில் ஆசிரியர் யாரையும் தொட்டுத் திருத்துவதில்லை. ‘செய்’ என்று சொல்வதில்லை, ‘விரும்பினால் செய்யலாம்’ என்று மட்டுமே சொல்வார். முதுகில் காலை வைத்து அழுத்தி ஆசனத்தைச் சரிசெய்யும் நம் ஊர் யோகா வகுப்புகள் இதைச் சற்றுக் கருதிப் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையையும் இங்கே சொல்லியாக வேண்டும். உடம்பில் தேங்கிய துயரத்தை மூன்றே நாளில் வெளியேற்றிவிடுவதாகச் சொல்லி ஆயிரக்கணக்கில் பணம் பெறும் முகாம்களின் விளம்பரங்கள் என் கைப்பேசிக்கே வருகின்றன. மூச்சைப் பலமாக இழுத்துவிடச் செய்து, கூட்டத்தின் நடுவே அழவைத்து, அதைக் குணம் என்று காட்டுவது, பயந்த உடம்பை இன்னொரு முறை பயமுறுத்துவதாகவே முடியக்கூடும். உலக சுகாதார நிறுவனம் 2013இல் இந்நோய்க்குப் பரிந்துரைத்தவை, அதிர்ச்சியை மையமாகக் கொண்டு எண்ணங்களையும் நடத்தையையும் பேச்சின் வழியாக மாற்ற உதவும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும், கண் அசைவுகளைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். சிகிச்சையும். உடம்பைப் பழக்கும் பயிற்சிகள் இவற்றோடு சேர்ந்து நடக்க வேண்டியவை, இவற்றுக்கு மாற்றாக அல்ல. எண்ணெய் தேய்த்துக் குளிப்பதும் கைவைத்தியர் நீவிவிடுவதும் எனக்கும் பிடித்தவைதான்; ஆனால் அங்கும் முதல் கேள்வி ‘தொடலாமா?’ என்பதாகவே இருக்க வேண்டும்.

இனி, அரசுக்கும் மருத்துவத் துறைக்கும் என் வேண்டுகோள். சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரத்துக்கு இலவச அவசரச் சிகிச்சை அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பர் முதல் நடந்துவருகிறது. மிக நல்ல திட்டம். நாற்பத்தொன்பதாவது மணி நேரத்திலிருந்து தொடங்கும் நீண்ட காலத்துக்குத்தான் யாரும் பொறுப்பேற்கவில்லை. அதற்குப் பெரும் பணம் தேவையென்று எனக்குத் தோன்றவில்லை. வீடு தேடி வரும் இயன்முறை மருத்துவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். இரவில் தூங்க முடிகிறதா, எந்தச் சத்தத்துக்கு அல்லது எந்த இடத்தில் உடம்பு பதறுகிறது, பயத்தால் எந்த வேலையை நிறுத்திவிட்டீர்கள் என்ற மூன்று கேள்விகளைக் கேட்கவும், விடை கவலைக்குரியதாக இருந்தால் மாவட்ட மனநலத் திட்டக் குழுவினரிடம் அனுப்பிவைக்கவும் அவர்களுக்குப் பயிற்சி அளித்தால் போதும். எங்கள் தெருவுக்கு வந்த பெண் இதையெல்லாம் தம் சொந்த முயற்சியில் கற்றிருந்தார். மற்ற தெருக்களுக்கு அந்த நல்வாய்ப்பு அமையும் என்று எப்படி நம்புவது? அரசு நடத்தும் சேவைகளில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. அந்த உரிமை, எலும்பு முறிந்து படுத்திருப்பவரின் கட்டில் வரை வந்து சேர வேண்டும்.

மருத்துவமனைகளிடம் கேட்பது இன்னும் எளியது. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு திரைச்சீலை. தொடுவதற்கு முன் ஒரு கேள்வி, திருப்புவதற்கு முன் ஒரு சொல். ‘இப்ப வலது பக்கம் திருப்பப் போறோம்மா’ என்று சொல்ல மூன்று நொடிகூட ஆவதில்லை. உணர்விழந்து கிடப்பவரிடமும் சொல்லலாம்.

இப்போது நான் பேருந்தில் போய் வருகிறேன். சென்ற கார்த்திகையில் குன்றக்குடிக்குப் போனபோது, பக்கத்தில் வந்து நின்ற லாரியின் பிரேக் சத்தத்தில் மூச்சு பழையபடியே தொண்டையில் நின்றது. இரண்டு பாதங்களையும் பேருந்தின் தரையில் ஊன்றி, எதிரே கம்பியைப் பிடித்திருந்த சிறுமியின் பச்சை வளையல்களை எண்ணினேன். ஏழாவது வளையலில் மூச்சு வெளியே வந்தது. ஜன்னலோர இருக்கையில் இன்னும் உட்காருவதில்லை. அதற்கும் அவசரமில்லை.

தங்களிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். மனநல ஆலோசனைக்காக ‘டெலி மானஸ்’ என்ற இலவசத் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபர் 10 முதல் நாடு முழுவதும் இயங்குகிறது. அதன் எண் 14416; இருபத்து நான்கு மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். எனக்கு அந்த எண் தெரிய வந்தது மிகவும் தாமதமாகத்தான். ‘காயங்களுடன் உயிர் தப்பினர்’ என்று இனி அச்சிடும்போதெல்லாம், அந்தச் செய்தியின் கீழே இந்த எண்ணையும் அச்சிட வேண்டுகிறேன். ஒரு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.